கொழும்பில் கட்டைக் காற்சட்டை யார் போடலாம்?

சனிக்கிழமை பின்னேரம் கொழும்பின் பெரிய கடைத்தொகுதி ஒன்றின் வாசலில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். முழங்காலுக்கு மேலே நிற்கும் கட்டைக் காற்சட்டை, கழுத்து இளகிய ரீசேட், காலில் பாட்டா செருப்பு. அப்படி ஒருவர் காரிலிருந்து இறங்கி வருவார். காவலாளி கதவை இழுத்துப் பிடிப்பார். அதே கோலத்தில் இன்னொருவர் 101 பஸ்ஸில் வந்திறங்கி நடந்து வருவார். தலையிலிருந்து கால் வரை ஒரு பார்வை அவரை அளக்கும். சில வாசல்களில் "யாரப் பாக்கப் போறீங்க?" என்ற கேள்வியும் வரும். இரண்டு பேருடைய ரீசேட்டும் ஒரே தொழிற்சாலையில், ஒரே மேசையில் வெட்டியதாக இருக்கலாம்.

பொது இடத்தில் போடும் சாதாரண உடுப்பு ஒருவருடைய வர்க்கத்தைக் காட்டுமா என்று கேட்டால், காட்டும் என்றே சொல்வேன். ஆனால் பலரும் தேடுகிற இடத்தில் அது இல்லை. விலையும் பெயர்ச்சீட்டும் கொழும்பில் மிகக் கொஞ்சமே பேசும். தோய்க்க எவ்வளவு தண்ணீர், காயப்போட எவ்வளவு வெயில், அயன் பண்ண யாருடைய நேரம், போய்ச் சேர என்ன வாகனம் என்பதெல்லாம் துணியில் பதிந்திருக்கும். அதற்கும் மேலே, கவனமில்லாமல் உடுத்துக்கொண்டு வெளியே வர யாருக்கு அனுமதி இருக்கிறது என்ற ஒன்று இருக்கிறது. வாசலில் நடப்பது அதுதான்.

பெயர்ச்சீட்டு ஊமையானதற்கு இந்த நாட்டின் வரலாறே காரணம். 1977க்கு முன்னர் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த காலத்தில், வெளிநாட்டுச் சேட் ஒன்று போட்டவரைப் பார்த்தால் கப்பலில் வேலை, வெளிநாட்டில் உறவு, இல்லாவிட்டால் செல்வாக்கு என்று ஊகித்துவிடலாம். 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டது. 1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் வந்தது. 1992இல் இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் தையல் இயந்திரங்களைக் கிராமங்களுக்குள் கொண்டுபோனது. ஒரு நாடு இவ்வளவுதான் ஏற்றுமதி செய்யலாம் என்று வைத்திருந்த உலக ஆடை வணிகத்தின் கோட்டா முறை 2005 தொடக்கத்தில் முடிந்த பிறகும் நமது தொழிற்சாலைகள் நின்றுபிடித்தன; நாட்டின் மிகப் பெரிய கைத்தொழில் ஏற்றுமதி இன்றும் ஆடைதான். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரிய விலைக்கு விற்கிற உடுப்பை இங்கே தைக்கிறார்கள். அதன் மிச்சம் புறக்கோட்டை நடைபாதைக்கும் காலி வீதிக் கடைகளுக்கும் வந்து சேர்கிறது. கை வண்டி தள்ளுபவரும் வங்கி முகாமையாளரும் ஒரே பெயர்ச்சீட்டைக் கழுத்தில் வைத்துக்கொண்டு நடக்கிற நகரம் இது.

அந்த மிச்சம் எப்படி வருகிறது என்று தெரிந்தால் வாங்குவதும் இலகு. பத்தாயிரம் உருப்படிக்கு ஓடர் வந்தால், பழுதாகும் என்ற கணக்கில் தொழிற்சாலை சில வீதம் கூடுதலாக வெட்டும். பழுது குறைந்தால் அந்தக் கூடுதல் நல்ல உருப்படியாகவே மிஞ்சும். ஓடர் இரத்தாகி மிஞ்சுவது வேறு. மூன்றாவது, தரச் சோதனையில் தள்ளியவை. நடைபாதைக் குவியலில் இந்த மூன்றும் கலந்து கிடக்கும். பெயர்ச்சீட்டைப் பாதி வெட்டியிருப்பதும் அதன்மேல் மார்க்கரால் கோடு இழுத்திருப்பதும் பெரும்பாலும், அந்தப் பெயர்ச்சீட்டுக்குரிய கடைக்குத் திருப்பிக் கொடுத்துக் காசு வாங்கிவிடாமல் இருக்கச் செய்வது. அதைக் கண்டு ஒதுக்க வேண்டாம்.

பார்க்கவேண்டியது வேறு. ரீசேட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, தையல் ஓரமாகக் கண்ணை ஓட்டுங்கள். ஊசி நூலிழையை அறுத்த இடத்தில் குண்டூசி முனை அளவு துளை தெரியும். நாலு தோய்ப்பில் அது சுண்டுவிரல் நுழையும் ஓட்டையாகிவிடும். அடுத்து, கையையும் உடம்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிறத்தைப் பாருங்கள். இரண்டு வேறு சாயத் தொகுதித் துணி கலந்துவிட்டால் கடையின் வெள்ளை விளக்கில் ஒன்றாகத் தெரியும், வெயிலில் இரண்டாகத் தெரியும். ஆகவே கடை வாசலுக்குக் கொண்டுவந்து பாருங்கள். பிறகு ரீசேட்டைத் தோளில் பிடித்துத் தொங்கவிடுங்கள். பக்கத் தையல் நேராக இறங்காமல் வயிற்றுப் பக்கம் வளைந்தால், பின்னல் துணி முறுகியிருக்கிறது. நூலில் இருக்கும் முறுக்கு தோய்க்கும்போது அவிழப் பார்ப்பதால் வரும் கோளாறு அது. தையற்காரர் எவராலும் திருத்த முடியாது. ரவுசர் என்றால் இரண்டு காலையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து நீளத்தை ஒப்பிடுங்கள். அரை அங்குல வித்தியாசத்துக்குத் தள்ளிய ரவுசர்கள் நிறைய உண்டு, அடி மடித்துத் தைத்தால் முடிந்தது.

ரீசேட்டின் வயதைச் சொல்வது கழுத்து. கழுத்துப் பட்டிக்கு மேடும் பள்ளமுமாகக் கோடு விழுகிற றிப் பின்னல் துணி போட்டு, அதில் இழுபடும் லைக்ரா நூல் கொஞ்சம் கலந்திருந்தால் இழுத்துவிட்டாலும் திரும்பிவரும். உடம்புத் துணியையே மடித்துக் கழுத்தாகத் தைத்திருந்தால் மூன்று மாதத்தில் அலை அலையாகச் சுருளும். உள்ளே ஒரு தோளிலிருந்து மற்றத் தோள் வரை நாடா வைத்துத் தைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். துணியின் கனத்தைச் சதுர மீற்றருக்கு இத்தனை கிராம் என்று ஜி.எஸ்.எம். கணக்கில் சொல்வார்கள். 140க்குக் கீழே போனால் உள்ளே போட்ட பனியன் தெரியும். 160 முதல் 180 வரை கொழும்புக்குச் சரி. 200க்கு மேலே போனால் தடிப்பு நன்றாகத் தெரியும், உடம்பு வேகும், மழைக்காலத்தில் காய இரண்டு நாள் எடுக்கும். குளிரூட்டிய காரில் போகிறவருக்கு 220 பிரச்சினை இல்லை. பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவருக்கு அது தண்டனை.

துணி வெட்டித் தைக்கிறவர்கள் கெய்சர் வீதி, பிரதான வீதி, குறுக்குத் தெருக்கள் என்று அலைவார்கள். 58 அங்குல அகலத் துணியில் அரைக்கைச் சேட்டுக்கு 1.6 மீற்றர் போதும், ரவுசருக்கு 1.25 மீற்றர். பெரிய உடம்புக்குக் கால் மீற்றர் கூட்டுங்கள். கட்டம் அல்லது பெரிய கோடு என்றால் பொக்கட்டும் முன்பக்கமும் பொருந்த இன்னும் 20 சென்ரிமீற்றர் வேண்டும். கட்டம் பொருந்தாத பொக்கட் தூரத்திலிருந்தே மலிவு என்று சொல்லிவிடும். "பியூர் கொட்டன்" என்று முதலாளி சத்தியம் பண்ணினால் ஓரத்திலிருந்து நாலு நூல் உருவி, வெளியே வந்து பற்றவையுங்கள். பருத்தி கடதாசி எரிகிற மணத்தோடு எரிந்து, நொருங்குகிற சாம்பலாகும். பொலியெஸ்ரர் உருகிச் சுருண்டு, கறுத்த கெட்டி மணியாக நிற்கும். கலப்புத் துணியில் இரண்டும் சேர்ந்து வரும். கலப்பைக் குறைவாக நினைக்க வேண்டாம். 65க்கு 35 பொலியெஸ்ரர்–பருத்தி, காயப்போட இடமில்லாதவருக்குப் பெரிய உதவி: விரைவாகக் காயும், குறைவாகக் கசங்கும். அதன் குறை, வியர்வை மணத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

கசங்கலுக்கு இந்த நகரத்தில் இரண்டு நீதி. லினன் சேட் கசங்கினால் அழகு என்கிறார்கள். லினன் நார் வளைந்தால் திரும்பி நிமிராது, கசங்குவது அதன் இயல்பு. அணிந்திருப்பவர் வசதியானவர் என்று அந்தக் கசங்கலே சொல்கிறது. கலப்புத் துணிச் சேட் கசங்கினால் "பார், அயன் பண்ணாமல் வந்திருக்கிறான்". இந்த இரண்டாவது சேட்டின் முதுகு ஏன் கசங்கியது? பாணந்துறையிலிருந்து 100 பஸ்ஸில் ஒன்றரை மணித்தியாலம், முதலில் நெரிசலில் நின்று, பிறகு ரெக்சின் இருக்கையில் சாய்ந்து, வியர்வையில் நனைந்து, அப்படியே காய்ந்தது. ஈரமும் சூடும் அழுத்தமும் சேர்ந்தால் அதுவே ஒரு ஸ்திரிக்கைப் பெட்டி. கசங்கலைத்தான் அது அயன் பண்ணுகிறது. காலையில் எவ்வளவு நேர்த்தியாக மடிப்பு வைத்தாலும் புறக்கோட்டையில் இறங்கும்போது அது போயிருக்கும். ஆளின் ஒழுங்கீனம் என்று மற்றவர்கள் வாசிப்பது, பயணத்தின் தடயம். பஸ்ஸில் போகிறவர்கள் வெளிர் சாம்பலையும் வெளிர் நீலத்தையும் தவிர்த்தால் பாதிச் சிக்கல் தீரும், வியர்வை ஈரம் அந்த இரண்டிலும்தான் மிகத் தெளிவாகத் தெரியும். வெள்ளையும் கடும் நீலமும் மறைக்கும். சிறு கட்டமும் சிறு பூவும் கசங்கலையும் மறைக்கும்.

தோய்ப்பது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், வர்க்கம் அதிகமாகத் தெரிவது அங்கேதான். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை மாடிவீடுகளில் பல அறைகளுக்கு ஒரே பல்கனி, அதற்கும் எதிரே அடுத்த கட்டடச் சுவர். தொடர்மழைக் காலத்தில் துணி ஒரு நாளுக்கு மேல் ஈரமாகக் கிடந்தால் அதில் நுண்ணுயிர் பெருகி அந்தப் புழுங்கல் மணம் வரும். சேட் புதியதாக, விலையானதாக இருந்தாலும் மணம் வந்துவிட்டால் மனிதர்கள் ஒதுங்குவார்கள். கேட்காமலே தீர்ப்பும் எழுதிவிடுவார்கள். வெயில் இல்லாவிட்டால் காற்று வேண்டும். கொடியில் ஒன்றுக்கொன்று ஒரு சாண் இடைவெளி விட்டு, சேட்டைக் கொழுவியில் மாட்டி, முதல் பொத்தானை மட்டும் பூட்டி, மின்விசிறியைப் பக்கவாட்டில் வையுங்கள். டெனிமை உள்பக்கம் வெளியே திருப்பி, பொக்கட்டுகளை இழுத்துவிட்டு, இடுப்பு மேலே இருக்கத் தொங்கவிடுங்கள். மணம் ஏற்கெனவே பிடித்துவிட்டால் சவர்க்காரத்தூளைக் கூட்டுவதில் பயனில்லை. ஒரு பங்கு வினாகிரிக்கு நாலு பங்கு தண்ணீரில் அரை மணித்தியாலம் ஊறவைத்து, அலசி, பிறகு வழமைபோலத் தோயுங்கள். வினாகிரியையும் குளோரின் வெளுப்பானையும் ஒரே வாளியில் ஒருபோதும் சேர்க்காதீர்கள். நச்சு வாயு வரும்.

அக்குள் மஞ்சளுக்கும் பலர் குளோரின் ஊற்றுகிறார்கள். அந்த மஞ்சள், வியர்வையும் வியர்வை தடுக்கும் பூச்சிலுள்ள அலுமினியமும் சேர்ந்து உண்டாவது. குளோரின் அதை இன்னும் மஞ்சளாக்கும், லைக்ராவையும் தின்னும். தோய்க்க முன்னர் வினாகிரித் தண்ணீர், பிறகு இளஞ்சூட்டுத் தண்ணீர் ஐந்து லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா, ஒரு மணித்தியால ஊறல். பழைய கறை இரண்டு மூன்று முறைக்குப் பிறகே மங்கும். நீலம் போடுகிறவர்கள் முதலில் கோப்பைத் தண்ணீரில் முழுதாகக் கரைத்து, பிறகு வாளியில் கலக்குங்கள். கரையாத துகள் வெள்ளைச் சேட்டில் புள்ளியாக உட்கார்ந்துவிடும். யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறவர்களுக்கு ஒன்று: அங்கே சுண்ணாம்புக்கல் கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்கப் பாடுபட வேண்டும், ஆகவே தூளை அள்ளிப் போடும் பழக்கம் கையில் இருக்கும். கொழும்புக் குழாய்த் தண்ணீருக்கு அதில் பாதி போதும். அலசாமல் மிஞ்சும் சவர்க்காரம் துணியை விறைக்கப்பண்ணி, ஊத்தையையும் இழுக்கும். கடற்கரைப் பக்க ஒழுங்கைகளில் இருப்பவர்கள் காய்ந்ததும் துணியை உடனே உள்ளே எடுங்கள். காற்றில் வரும் உப்பு துணியில் படிந்தால் திரும்பத் திரும்ப ஈரத்தை இழுக்கும். ரவுசர் கொக்கியிலும் ஸிப்பிலும் துரு பிடித்து, அந்தத் துருக் கறை துணியோடு தங்கிவிடும்.

காலுக்கு வருவோம். பாட்டா செருப்பு கொழும்பில் எல்லா வர்க்கத்தாரும் போடுவது. நிறுவனத்தின் பெயர் செருப்புக்கே பெயராகிவிட்ட அளவுக்குப் பொதுவானது. வித்தியாசம் செருப்பில் இல்லை, குதிக்காலில் இருக்கிறது. புழுதியும் மழைத் தண்ணீரும் மாறி மாறிப் படுகிற குதி வெடிக்கும். காரின் கம்பளத்தில் வைத்த குதி வெடிக்காது. சப்பாத்து வாங்கி "நல்லதுக்கு" என்று பெட்டியில் பூட்டிவைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ உறவுகள் அனுப்பிய விளையாட்டுச் சப்பாத்தை நாலு வருடம் கழித்து ஒரு கலியாணத்துக்குப் போடும்போது அடி பாண் தூள்போல உதிர்ந்து கொட்டும். போலி என்று நினைத்து அனுப்பியவரைக் குறை சொல்வார்கள். பொலியூரேத்தேன் அடி நமது ஈரக் காற்றில் மெல்ல மெல்லச் சிதையும், போடாமல் வைத்தாலும் சிதையும். ஆகவே போடுங்கள். பெட்டியில் வைத்துத்தான் ஆகவேண்டுமென்றால் ஈரமுறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் போட்டு, மாதம் ஒரு முறை வெளியே எடுத்துக் காற்றாட விடுங்கள். தோல் இடுப்புப் பட்டியில் பூஞ்சணம் பிடிப்பதற்கும் அதுவே மருந்து.

சாரத்தின் கதை தனி. களிசான், சப்பாத்து, லேஞ்சி என்று நாம் சொல்கிற சொற்களெல்லாம் போர்த்துக்கேயர் விட்டுப்போனவை. 1505இல் அவர்கள் வந்த நாள் தொட்டு, காலை மூடித் தைத்த உடுப்பு அதிகாரத்தின் உடுப்பாக இருக்கிறது. சாரம் மலாய்ச் சொல், கிழக்கிலிருந்து வந்தது. ஏறக்குறைய இரண்டு மீற்றர் நீளத் துணியை மூட்டிக் கட்டுகிற இந்த உடுப்பைவிடக் கொழும்பின் வெப்பத்துக்குப் பொருத்தமானது இல்லை. புறக்கோட்டையின் சுமை தூக்குகிற நாட்டாமைமார் அதை மடித்துக் கட்டிக்கொண்டு மூட்டை சுமக்கிறார்கள்: காலுக்குத் தடையில்லை, காற்று போகும், தலையில் சும்மாடாகும், இரவில் போர்வையாகும். அதே சாரத்தைக் கைத்தறியில் நெய்து, அல்லது பற்றிக் சாயம் போட்டு, லினன் சேட்டோடு வசதியானவர்கள் வாழும் கறுவாத்தோட்டத்து விருந்துக்குக் கட்டிக்கொண்டு போனால் பண்பாடு. கட்டம் போட்ட மலிவுச் சாரத்தோடு பெரிய ஹோட்டல் வாசலுக்குப் போனால் பின்கதவைக் காட்டுவார்கள். மூட்டிய விதம் ஒன்று, கட்டும் விதம் ஒன்று, மரியாதை மட்டும் இரண்டு. கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் பின்னேரம் சாரத்தோடு பாண் வாங்கப் போகிற மனிதரை யாரும் அளப்பதில்லை. அங்கே எல்லோரும் அயலவர்.

மலையகத்திலிருந்து வந்து புறக்கோட்டையிலும் வெள்ளவத்தையிலும் கடைகளில் நிற்கிற பொடியன்களைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயத்தை முடிக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலிமுகத்திடலில் அவர்களைக் காணலாம்: இறுகிய டெனிம், பளிச்சென்ற சேட், எண்ணெய் வைத்து வாரிய தலை. நடுத்தர வர்க்கத் தமிழர்கள் அதைப் பார்த்துச் சொல்லும் வார்த்தைகளை நான் இங்கே எழுத மாட்டேன். அந்த உடுப்பின் கணக்கு இதுதான். கடை மாடியில் ஏழெட்டுப் பேருக்கு ஒரு குளியலறை, ஆளுக்கு ஓர் ஆணி. இரண்டு வீதம் லைக்ரா கலந்த மெல்லிய டெனிம், தடித்த பருத்தி டெனிமுக்கு முந்திக் காயும். கடும் நிறமும் பெரிய அச்சும் கடைத் தூசியை மறைக்கும். ஊரில் தோட்ட வேலைக்குத் தரும் தீபாவளி முற்பணம் வாங்கித்தான் பல வீடுகளில் புதுத்துணி எடுப்பார்கள். அப்படி வளர்ந்தவனுக்கு விடுமுறை நாள் என்றால் இருப்பதில் நல்லதைப் போடும் நாள். வாரம் முழுக்கச் சப்பாத்தும் நீளக்கைச் சேட்டுமாக இருக்கிற அலுவலகக்காரருக்கு அதே விடுமுறை, இருப்பதில் பழையதைப் போடும் நாள். இரண்டு பேரும் காலிமுகத்திடலில் பக்கத்தில் பக்கத்தில் நின்று கடலைப் பார்க்கிறார்கள். பழையதைப் போட்டவரை "சிம்பிள் மனிசன்" என்றும், நல்லதைப் போட்டவனைக் குறைவாகவும் பேசுவது அநியாயம். எனக்கு இந்த விஷயத்தில் கோபம் வருவது இங்கேதான்.

யூலை, ஓகஸ்ட்டில் விடுமுறைக்கு வருகிற வெளிநாட்டுத் தமிழர்கள் வெள்ளவத்தைச் சேலைக் கடைக்குக் கட்டைக் காற்சட்டையோடு போகிறார்கள்; கதிரை போட்டுச் சோடா கொடுக்கிறார்கள். இதற்குமேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

பெண்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் இறுக்கம். போர்க்காலத்தில் சோதனைச் சாவடிகளுக்கு அஞ்சிப் பொட்டை அழித்துவிட்டுப் பஸ் ஏறிய தமிழ்ப் பெண்கள் இந்த நகரத்தில் ஏராளம். அவர்களுக்கு உடுப்பு, வர்க்கத்தைச் சொல்லும் முன்னரே இனத்தைச் சொல்லிவிடும். அது 2009க்குப் பிறகு தளர்ந்தது. ஆனால் பாடசாலை வாசலிலும் அரச அலுவலகத்திலும் பெண்கள் என்ன உடுக்கலாம் என்ற இறுக்கம் தொடர்ந்தது. 2019 மே மாதம், அரச அலுவலகப் பெண்கள் சேலையோ, கண்டி முறைச் சேலையான ஒசரியோ உடுத்த வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது; எதிர்ப்பு எழுந்து பின்னர் மாற்றப்பட்டது. 2022 நவம்பரில் சில ஆசிரியைகள் சேலை தவிர்த்த வசதியான உடுப்பில் பாடசாலைக்குப் போனபோது நாடு முழுவதும் வாக்குவாதம். ஒழுக்கம், பண்பாடு என்று பேசியவர்கள் கணக்கைப் பேசவில்லை. ஒரு சேலை ஐந்தரை மீற்றர். சட்டைத் துணி 80 சென்ரிமீற்றர் முதல் ஒரு மீற்றர், அதற்கு உள்துணி, உள்பாவாடை இரண்டு மீற்றருக்கு மேல், ஓரம் தைக்கிற கூலி, சட்டை தைக்கிற கூலி. துணி விலையைவிடத் தையற்கூலி கூடிப்போகிற சேலைகளும் உண்டு. பருத்திச் சேலைக்குக் கஞ்சி போட்டு அயன் பண்ண இருபது நிமிடம். வாரத்துக்கு ஐந்து நாள், நெரிசல் பஸ்ஸில் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு. பிள்ளையை ஏற்ற வருகிற தாய் காரிலிருந்து இறங்காமலே இருக்கலாம், எந்த உடுப்பிலும் இருக்கலாம். வாசல்வரை நடந்து வருகிறவருக்குத்தான் விதி.

வாசலில் அறிவிப்புப் பலகை வைக்கிற அலுவலகங்களிடம் கேட்க ஒன்று உண்டு. "தகுந்த உடையில் வரவும்" என்று எழுதாதீர்கள். தகுந்தது எது என்பதை அந்த நேரத்தில் நிற்கிற காவலாளி முடிவு செய்வார். அவர் காரைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். அவரும் நாள் முழுவதும் தடித்த பொலியெஸ்ரர்ச் சீருடையில், வெயிலில் நிற்கிற மனிதர். எது கூடாது என்பதைப் பெயர் சொல்லி, மூன்று மொழியிலும் எழுதுங்கள். தலைக்கவசம் கழற்ற வேண்டும் என்றால் அதை மட்டும் எழுதுங்கள். கட்டைக் காற்சட்டை கூடாது என்றால் காரில் வருகிறவருக்கும் கூடாது.

அதுவரைக்கும் ஒரு நல்ல சேட், ஒரு நல்ல ரவுசர் மட்டும் வைத்திருந்து, நாளைக் காலை நேர்முகத்துக்கோ கையெழுத்து வாங்கவோ போகவேண்டியவர்களுக்கு, இரவோடு இரவாகச் செய்யக்கூடியது. கலப்புத் துணி ரவுசர் என்றால் தோயுங்கள். டெனிம் என்றால் தோய்க்க வேண்டாம், காலைக்குக் காயாது. ஈரத் துணியால் அழுக்கை மட்டும் துடைத்துக் காற்றாட விடுங்கள். சேட்டின் கழுத்துக்கும் கைநுனிக்கும் சவர்க்காரக் கட்டியை நேரே தேய்த்துப் பத்து நிமிடம் விட்டு, பிறகு முழுவதையும் தோயுங்கள். முறுக்கிப் பிழியாதீர்கள், அந்த முறுக்கு மடிப்பு காலையில் போகாது. காய்ந்த துவாயை விரித்து, சேட்டை அதன்மேல் படுக்கவைத்து, இரண்டையும் சேர்த்துச் சுருட்டி முழங்காலால் அழுத்துங்கள். தண்ணீரில் பெரும்பகுதி துவாய்க்குப் போய்விடும். கொழுவியில் மாட்டி, கழுத்தையும் முன்பட்டியையும் கையால் நீவி, மின்விசிறிக்கு எதிரே விடுங்கள். கலப்புத் துணி ஆறேழு மணித்தியாலத்தில் காயும்.

காலையில் முழுதாகக் காய முன்னர், தொட்டால் குளிர்ச்சி தெரிகிற பதத்தில் அயன் பண்ணுங்கள். பெட்டியின் அடையாளத்தில் மூன்று புள்ளி பருத்திக்கு, ஏறக்குறைய 200 பாகை. கலப்புக்கு இரண்டு புள்ளி, 150 பாகை. அதைத் தாண்டினால் பொலியெஸ்ரர் இளகி மினுங்கத் தொடங்கும், அந்த மினுக்கம் திரும்பப் போகாது. கழுத்துக்குள் ஒட்டியிருக்கும் விறைப்புத் துணியும் கூடிய சூட்டில் கழன்று குமிழ் குமிழாக எழும்பும். கடும் நிறத் துணியை உள்பக்கமாகவே அயன் பண்ணுங்கள். முதலில் கழுத்தின் அடிப்பக்கம், நுனியிலிருந்து நடுவை நோக்கி. நடுவிலிருந்து நுனிக்குத் தள்ளினால் நுனியில் சுருக்கம் சேர்ந்து நிற்கும். பிறகு தோள், கை, முன்பக்கம், கடைசியாக முதுகு. அயன் பண்ணிய சூட்டோடு போடாமல் ஐந்து நிமிடம் தொங்கவிடுங்கள், சூடு ஆறும்போதுதான் மடிப்பு நிலைக்கும். பஸ்ஸில் போவதென்றால், சேட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஒரு ரீசேட்டோடு ஏறி, இறங்குகிற இடத்தில் மாற்றிக்கொள்ளலாம். மடிக்கும்போது முதுகுக்குள் ஒரு பத்திரிகைத் தாளை வையுங்கள்.